தூமகோரனுக்குப் பத்துக்கு ஆறு

தூமகோரனை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மாதாமாதம் வரும் ஒரு படக்கதைப் புத்தகத்தின் வில்லன் அவன். ஏழு மலைக்கு அதிபதி, புகையால் ஆன உடம்பு, நாற்பதாயிரம் பூதப்படை. இவ்வளவு இருந்தும் பதினான்கு வருடமாக வாள்காரி என்ற ஒற்றைப் பெண்ணிடம் உதை வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு இதழிலும் கடைசிக்கு முந்தின கட்டத்தில் "நேரம் வரட்டும்" என்று பல்லைக் கடிப்பான். கடைசிக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பான். அந்த நேரம் மட்டும் இன்றுவரை வந்தபாடில்லை.

அவனைப் படைத்து அவனுக்கு வசனம் எழுதிப் பிழைப்பவர் கதைக்காரர். அவருடைய பெயர் புத்தகத்தில் எங்கும் கிடையாது. பதிப்பகத்தின் முதலாளி அவருடைய மச்சான், மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். பெயர் போட்டால் ஆளுக்குக் கொம்பு முளைத்துவிடும் என்பது மச்சானின் சித்தாந்தம். வில்லன் ஜெயிக்கக் கூடாது, சாகக் கூடாது, முக்கியமான யாரையும் கொல்லக் கூடாது என்று மூன்று விதிகளை அட்டையில் எழுதி, கதைக்காரரின் மேஜைக்கு நேரே ஒட்டியும் வைத்திருந்தார். ஜெயித்தால் கதை முடிந்துவிடும், செத்தாலும் முடிந்துவிடும். கதை முடிந்தால் அடுத்த மாதம் எதை அச்சடிப்பது? அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது, அதுதான் கொடுமை.

குடியிருப்பும் மச்சான் தயவுதான். அலுவலகத்துக்கு மேலே இரண்டு அறை. தங்கச்சி கண் முன்னால் இருக்கட்டும் என்று கல்யாணமான மறுமாதமே கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. மாடிப்படி நேராக மச்சானின் சுழல் நாற்காலிக்குப் பின்னால் போய் இறங்கும். கதைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் நாற்காலி திரும்பும். "எங்க மாப்ள கிளம்பிட்டீங்க?" என்று மச்சான் கேட்பார். திட்ட மாட்டார், தடுக்க மாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்பார், அவ்வளவுதான். பல நாள் கதைக்காரர் தீப்பெட்டி, பேனா என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதையே வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். வீட்டில் ஒருவரும் புகைபிடிப்பதில்லை. ஆனாலும் தீப்பெட்டிக்குக் குறைவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் "சும்மா காத்தாட" என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் காணாமல் போவார். போகிற இடம் மூன்று தெரு தள்ளியிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறை. அங்கே வாள்காரியின் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, வந்த இதழைப் பிய்த்து மேய்வார்கள். நாலு வருடத்துக்கு முன் எதையோ நகலெடுக்கப் போனவர், தன் வில்லனை நினைத்து ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் தான் எழுதியதை இத்தனை பேர் வரிவரியாகப் படிக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தார். உள்ளே போய்த் தூணை ஒட்டி உட்கார்ந்தவர்தான், அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பெயரைக் கேட்டபோது மழுப்பியதால் 'தூணோரம்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விவாதம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து வில்லனுக்கு மிரட்டல் மார்க் போடுவார்கள். பத்துக்கு மூன்றைத் தாண்டியதே இல்லை. ஜெராக்ஸ்காரர் அதைச் சுவர்க் காலண்டரில் குறித்துவைப்பார்.

அந்த மாத இதழுக்கு ஒன்றுதான் கிடைத்தது. தூமகோரன் ஒருவழியாக வாள்காரியைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறான். அடைத்துவிட்டுச் சாவியைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறான். ஜெராக்ஸ்காரருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் கடைச் சாவியைக்கூட நான் இப்படி மாட்ட மாட்டேன் என்றார். கதைக்காரர் முதலில் சாவியை எரிமலையில் வீசத்தான் எழுதியிருந்தார். 'சாவி இருக்கட்டும், கடைசிப் பக்கத்துல அவ வெளிய வரணும்ல' என்று சிவப்பு மையில் திருத்தியவர் மச்சான். அதை அங்கே எப்படிச் சொல்வது? அவசரத்தில் மாட்டியிருப்பான் என்று தூணோரமாக முனகினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான், அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா. அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன் முட்டாள் இல்லைங்க. பெரிய டாக்டர் பின்னால நின்னா சின்ன டாக்டர் எப்படி ஊசி போடுவாரு, பாத்திருக்கீங்களா? கை ஊசியில இருக்கும், கண்ணு பின்னால இருக்கும். இவன் அப்படித்தான் அடிக்கிறான். இதை எழுதுறவரு யாருக்கோ பயந்துக்கிட்டு எழுதுறாரு."

கதைக்காரருக்கு யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது போல இருந்தது.

ஜெராக்ஸ்காரர் அதையே பிடித்துக்கொண்டார். பயந்தாங்கொள்ளி எழுதினால் வில்லனும் பயந்தாங்கொள்ளியாகத்தான் இருப்பான், ஆளை மாற்றச் சொல்லி முதலாளிக்கே எழுதுவோம் என்று அந்த இடத்திலேயே ஒரு கடிதம் தயாரித்தார். எழுத்தாளரை உடனே நீக்காவிட்டால் புத்தகம் வாங்குவதை நிறுத்திவிடுவோம் என்று முடித்து, கையெழுத்துக்குச் சுற்றில் விட்டார்.

தாள் சுற்றி வருவதற்குள் கதைக்காரர் மனசு எங்கெங்கோ போய் வந்தது. நகரத்தின் மறுகோடியில் அவருடைய பள்ளித் தோழன் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் வைத்திருந்தான். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, மாதக் கடைசிவரை உனக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தான். மனைவிக்கும் சம்மதம். "அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அது வேற சண்டையாயிடும்" என்று மட்டும் சொன்னாள். மூன்று வாரமாக மாடிப்படியின் கடைசிப் படிவரை அந்தப் பேச்சைக் கொண்டுவந்து, நாற்காலி திரும்பியதும் தீப்பெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, தானே சொல்லத் தேவையில்லாமல், இந்தத் தாளே போய்ச் சொல்லிவிடுமே. தன் சொந்தப் பெயரைப் போட்டால் மச்சானுக்கு எல்லாம் விளங்கிவிடும். பேனாவை வாங்கினார், முதல் எழுத்தின் சுழியைக்கூடப் போட்டார். பிறகு அதை அடித்துவிட்டு 'தூணோரம்' என்று எழுதித் தாளை நீட்டினார். கோழைத்தனம்தான், வேறென்ன?

வாசகர் கடிதங்களைப் படித்துக்காட்டி, முதலாளி பெயரில் பதில் எழுதுவதும் கதைக்காரரின் வேலைதான். செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. தன்னை வேலையைவிட்டு நீக்கச் சொல்லும் கடிதத்தைத் தானே உரக்கப் படித்தார், கீழே இருந்த கையெழுத்துகள் உட்பட. தூணோரம் என்ற பெயரைக் கேட்டு மச்சான் சிரித்தார். பிறகு நாற்காலியை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டு யோசித்தார்.

"சரி மாப்ள. எழுத்தாளரை நீக்கிட்டோம்னு அறிவிப்பு போட்டுடுங்க."

பதினான்கு வருடம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று கதைக்காரர் நினைக்கவே இல்லை.

"அப்ப இனிமே யாரு மச்சான் எழுதுறது?"

"யாரா? நீங்கதான். நாம பேரா போடுறோம், யாருக்குத் தெரியப்போகுது?"

இப்போது சொல்லியிருக்கலாம். 'நீக்கினது நீக்கினதாவே இருக்கட்டும் மச்சான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. 'மச்சான்' என்று கூப்பிட்டும்விட்டார். மச்சான் என்ன என்பது போலப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. அறிவிப்பு எந்தப் பக்கத்துல போடணும்?"

இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்கள். வாசகர்களின் வேண்டுகோளை ஏற்றுப் பழைய எழுத்தாளர் விடுவிக்கப்பட்டார் என்று கதைக்காரர் தன் கையாலேயே எழுதினார். 'விடுவிக்கப்பட்டார்' என்ற சொல்லை மச்சான் திருத்தவில்லை.

புது இதழிலும் விதிகள் அதே மூன்றுதான். மறுபடியும் அதே கூண்டு; சாவி ஓர் ஆணி தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ் கடையில் கல்யாணக் களை. புது ஆள் வந்ததும் வில்லனின் நடையே மாறிவிட்டது என்றார்கள், வசனத்தில் நெருப்பு பறக்கிறது என்றார்கள். மார்க் பத்துக்கு ஆறு. ஜெராக்ஸ்காரர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து முதலில் தூணோரத்துக்குத்தான் நீட்டினார். உங்கள் கையெழுத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று தோளில் தட்டினார். கதைக்காரர் வாங்கித் தின்றார்.

நர்ஸம்மா மட்டும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆளு மாறியிருக்கலாம். ஆனா இவரும் பின்னால பாத்துக்கிட்டுத்தான் எழுதுறாரு."

கொண்டாட்டத்தில் அது யார் காதிலும் விழவில்லை, ஒருவர் காதைத் தவிர.

திரும்பி வரும்போது மச்சான் நாற்காலியில் இருந்தார். "வந்தாச்சா மாப்ள?" என்றார். வந்தாச்சு என்று சொல்லிப் படியேறினார் கதைக்காரர். மேலே மனைவி அடுத்த இதழின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முதல் இதழிலிருந்து அது அவள் வேலை, ஒரு எழுத்து அவள் கண்ணுக்குத் தப்பாது. தோழன் மத்தியானம் போன் செய்ததாகச் சொன்னாள். மாதம் முடிந்தும் பத்து நாள் பொறுத்துப் பார்த்தானாம், நாளைக் காலையில் வேறு ஆளுக்குச் சொல்லிவிடுவானாம்.

"அண்ணன் கீழதான் இருக்காரு. இப்பவாவது போய்ச் சொல்றீங்களா?"

கதைக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நேரம் வரட்டும்" என்றார்.

அவள் கையில் பேனா நின்றது. நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். அடுத்த கட்டம் என்னவென்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடமாக அதையும் அவள்தான் பிழை திருத்துகிறாள். குனிந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.