கேக்கின் உயர்ந்த பக்கம்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். டைல்ஸ் போடுகிறவர்கள் கையில் இருக்குமே, நீளமான அலுமினியச் சட்டம், நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு நீர்க்குமிழி, அதுதான் ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால் தரை சமம், நகர்ந்தால் கோணல். மனிதருக்கு அந்தக் குமிழியின் மேல் இருந்த நம்பிக்கை வேறு எதன் மேலும் இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் மேஜை மேல் உள்ளங்கையை வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பார், பிறகுதான் டீ சொல்வார். வேலைக்குப் போன வீட்டில் சுவர்ப்படம் சாய்ந்து தொங்கினால், வீட்டுக்காரர் உள்ளே போகும் நேரம் பார்த்து நேராக்கி வைத்துவிடுவார். ஒருவரும் கவனித்ததில்லை. நேராக இருப்பதை யார் கவனிக்கிறார்கள்.

நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் "நேரம் கெடைக்கல" என்பார். மற்றவர்கள் குடித்தனம் நடத்துவதற்குத் தரை போட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாடகை அறையில் சமமான கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் தரையை மாற்றும் வேலை வந்தது. வரவேற்பு மேஜையில் இருந்தவள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அவ்வளவு தூசிக்கு நடுவிலும் போனில் எல்லோருக்கும் நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த அன்று அவரைக் கூப்பிட்டு, "என் மேஜை இப்ப ஆடவே இல்லையே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"மேஜை மேல தப்பு இல்லைங்க. தரைதான் கோணல். மேஜை பாவம்" என்றார்.

அதுவரை அவர் ஒரு பெண்ணிடம் பேசியதில் மிக நீளமான பேச்சு அதுதான். அவள் சிரித்தாள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது.

அவளுக்கு ஒரு மகள். முதல் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். பெண்ணின் பள்ளிக்கூடம் பக்கத்தில் என்பதால், ரசமட்டம்தான் தன் பெட்டியோடும் கருவிப் பையோடும் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெண்ணை அம்மா வாயாடி என்று கூப்பிட்டாள். அந்தப் பெயருக்கு உண்டான அத்தாட்சி எதுவும் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. "அம்மா குளிக்கறாங்க", "அம்மா கடைக்குப் போயிருக்காங்க", இந்த இரண்டும்தான் அவள் அவரிடம் சொல்வது. அம்மா கண்ணெதிரே இருந்துவிட்டால் இரண்டும் கிடையாது.

அவர் அவசரப்படவில்லை. டைல்ஸ் போட்ட அன்றே தரையில் நடக்க முடியாது, பசை பிடிக்க வேண்டும் என்பது தெரிந்தவர். ஆனால் மழைக்காலம் போய்க் குளிர்காலமும் போய்விட்டது. எந்தப் பசையும் இவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாது என்று உள்ளுக்குள் ஒரு கலக்கம் வந்திருந்தது. அந்தப் பெண் ஒரு வார்த்தை, அம்மா இல்லாத ஒரு வார்த்தை, தன்னிடம் பேச வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை.

குளிர் விட்டு ஜன்னல்களைத் திறக்கலாம் என்று ஆனதும் அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. மரம் கழிக்கிறவர்கள் தெருவில் போட்டுவிட்டுப் போன மொட்டைக் கிளை ஒன்று கூடத்துக்கு வந்தது. குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த முட்டை அட்டைகள் அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. அம்மாவும் மகளும் அட்டைக் குழிகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஓரத்தை இதழ் இதழாக நறுக்கி, மஞ்சளும் சிவப்பும் அடித்து, கம்பியால் கிளையில் கட்டினார்கள். தெருவில் இருக்கும் மரங்கள் பூக்க இன்னும் நாள் இருந்தது. அதுவரை காத்திருக்கும் பொறுமை இவர்களுக்கு இல்லை. பெயின்ட் காயும் நேரத்தில் ஓவனில் கேக் வேகும்.

ரசமட்டத்துக்கு இதில் வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. கூடத்து மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படிப்பது போல் இருக்கும். காது மட்டும் அடுப்படியில்.

அடுப்படியில் வாரா வாரம் ஒரு சண்டை நடந்தது.

"ஒசந்த பக்கம் எனக்கு."

"போடி. போன வாரமும் நீதான் தின்ன. இந்த வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?"

"என்ன பட்டீங்க? ஏசி ரூம்ல உக்காந்து போன் பேசறதுக்குப் பேரு பாடா?"

பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு, நடுவில் சிரிப்பு, ஒரு முறை அழுகை மாதிரிகூடக் கேட்டது. கடைசியில் ஒரு தட்டில் நடுத்துண்டு ஒன்று அவருக்கு வரும். ஒரு ஓரம் உயரம், மறு ஓரம் பள்ளம். கூரை சரிந்த வீடு மாதிரி இருக்கும்.

அவருக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. ஓவன் நின்ற மூலையில் தரை, தண்ணீர் வெளியேறும் ஜலதாரைப் பக்கம் இறங்கியிருந்தது. தரை சரிந்தால் ஓவன் சரியும், ஓவன் சரிந்தால் மாவு ஒரு பக்கம் ஓடும். பெற்ற தாயும் பிள்ளையும் வாரா வாரம் அடித்துக்கொள்வது ஒரு மூலைத் தரையின் கோணலால். இதைச் சரி செய்ய இந்த ஊரிலேயே தகுதியான ஆள், பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை, அம்மாவும் மகளும் பெயின்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில், ஓவனை நகர்த்தினார். மூலையைப் பெயர்த்தார். கலவை போட்டு, கைவசம் இருந்த நல்ல டைல்ஸை ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி உட்கார வைத்தார். உடனே இறுகும் பசை. அவர்கள் வீடு திரும்பியபோது குமிழி நடுவில் நின்றது. ஆணி அடித்தது மாதிரி.

மனைவி தரையைப் பார்த்தாள். ஓவனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க" என்றாள். சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தாள். அது மகிழ்ச்சியில் வந்த இடைவெளி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் கேக் வெளியே வந்தது. அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. வைக்கத் தேவையே இல்லை, கண்ணுக்கே தெரிந்தது. இதற்காகவே கூடத்திலிருந்து எழுந்து அடுப்படி வாசல்வரை வந்து நின்றார்.

வாயாடி கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "எதும்மா ஒசந்த பக்கம்?"

"அப்படி எதுவும் இல்லடி. எல்லாம் ஒண்ணுதான்."

"ஓ."

அம்மா மூன்றாக வெட்டினாள். "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாதான் போச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் தன் துண்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் பாதி மஞ்சள் அடித்த பூ ஒன்று கிடந்தது. பெயின்டிலேயே விட்டுப்போன தூரிகை விறைத்துக்கொண்டிருந்தது.

"பிடிக்கலையா?" என்று கேட்டார் ரசமட்டம்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேக்குல ஒரு குறையும் இல்லைங்க. அதான் குறை."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குத் தனியாக வந்த புதிதில், பெண் எதற்கும் வாய் திறக்காமல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் செய்தார்கள், அது சரிந்து வந்தது. பெரிய துண்டு யாருக்கு என்று கேள்வி வந்தது. இந்த வாரம் யார் அதிகம் கஷ்டப்பட்டார்களோ அவர்களுக்கு என்று அம்மா சும்மா சொல்லிவைத்தாள். அந்தத் துண்டுக்காகத்தான் பெண் பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் முதல் முறையாகக் கொட்டினாள்.

"இந்த வாரம் அவளுக்கு நல்லா போகலைங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா சும்மா கேட்டா சொல்ல மாட்டா. கேக்குக்குன்னா சொல்வா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அந்தத் தரையைக் காட்டினப்ப உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு, எப்படிங்க சொல்றது?"

தன்னிடம் பேசாத பெண்ணை, அவள் அம்மாவிடமும் பேசாதபடி அவர் செய்துவிட்டார். அதுவும் முதல் தரமான டைல்ஸ் போட்டு.

வேலை இடத்தில் பெயின்டரிடம் இதைச் சொன்னார். பெயின்டர் ஏணி மேல் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இதுல யோசிக்க என்ன இருக்கு, ரசமட்டம்? போட்டதை உடைச்சுப் போடு. பழையபடி கோணலாப் போடு."

"என் கையாலயா?"

"பின்ன, என் கையாலயா? நான் போட்டா தானாவே கோணலா வரும், கூப்பிடு வரேன்."

அந்த வாரம் முழுக்க அவர் மனசு வேலையில் இல்லை. அதற்கு உண்டான பலன் வியாழக்கிழமை ஒரு குளியலறையில் தெரிந்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. அவர் வீட்டில் எதையுமே சொல்கிறவர் இல்லை.

சனிக்கிழமை வீட்டில் ஆள் இல்லாதபோது ஓவன் முன்னால் உட்கார்ந்தார். தரையை உடைக்க மனசு வரவில்லை. கழித்துப்போட்ட டைல்ஸ் துண்டுகளை எடுத்து ஓவனின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் கொடுத்தார். குமிழி நகர்ந்தது. பழையபடி எவ்வளவு இருந்தது என்பது தெரியவில்லை, அளந்துவைத்திருக்கவில்லை. சரி செய்யும்போது கோணலை யார் அளக்கிறார்கள். இருக்கட்டும் என்று இன்னொரு துண்டு கொடுத்தார். குமிழி குழாயின் கோடிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு பிற்பகல் அடுப்படியில் புகை வந்தது. மனைவி துணியால் பிடித்துப் பாத்திரத்தை வெளியே எடுத்தாள். மாவு ஒரு பக்கமாக ஓடி, விளிம்பு தாண்டி வழிந்து, ஓவனுக்குள் கரியாகியிருந்தது. அந்தப் பக்கம் கேக் மலை மாதிரி நின்றது. எதிர்ப்பக்கம் அட்டை மாதிரி காய்ந்து கிடந்தது.

"இது கேக்கா, சறுக்குமரமா?" என்றாள் மனைவி.

வாயாடி குனிந்து ஓவன் காலுக்கு அடியில் பார்த்தாள். நிமிர்ந்து வாசலில் நின்றவரைப் பார்த்தாள். "இது யாரு வெச்சது?"

கேள்வி அம்மாவுக்கு இல்லை என்பது ரசமட்டத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"நான்தான்."

"வேணும்னேவா?"

"ஆமா."

அவள் யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் மொதல்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாளாம். சாப்பாட்டு நேரத்திலும் அங்கேயே இருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது கேக்கைப் பார்த்துத்தான் சொன்னாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. அப்படியே தன் முறையையும் சொன்னாள். ஒரு ஆள் டாக்டர் விரலைக் கடித்துவிட்டார், விரலுக்குக் கட்டுப் போட்டதும் அவள்தான், கடித்தவரிடம் திட்டு வாங்கியதும் அவள்தான்.

"வாயாடிக்குத்தான்" என்று அம்மா முடிக்கப் போனாள்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார் ரசமட்டம்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்திருந்தார்.

"குளியலறைன்னா தண்ணி குழிப்பக்கம் ஓடணும். அதுக்கு ஒரு வாட்டம் குடுப்போம், லேசா சரிச்சு. இந்த வாரம் நான் வாட்டத்தைக் கதவுப் பக்கம் குடுத்துட்டேன். எந்த நெனப்புல குடுத்தேன்னு தெரியல. வியாழக்கிழமை வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பாத்தார். எல்லாம் படுக்கையறைக்குப் போயிருச்சு. பெயின்டர் சிரிச்ச சிரிப்புல ஏணிய விட்டு எறங்கிட்டான். முழுசா உடைச்சு மறுபடி போட்டேன்."

வாயாடி நீதிபதி மாதிரி கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அது செல்லாது" என்றாள். "நம்ம தப்பால நமக்கு வர்ற கஷ்டம் கணக்குல வராது. ரூல்."

"சரி" என்றார். ரூல் என்றால் அவர் எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. அட்டை மாதிரி இருந்த ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் உயர்ந்த பக்கத்தைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு வாய் தின்றாள். அப்புறம் கேட்டாள்.

"தண்ணி எதுவரைக்கும் போச்சு?"

"கட்டில் கால்வரைக்கும்."

"கட்டில்ல யாராவது இருந்தாங்களா?"

"வீட்டுக்காரரோட மாமியார். தூங்கிட்டிருந்தாங்க. செருப்பு ரெண்டும் மெதந்துச்சு."

வாயாடி கேக்கைக் கீழே வைத்தாள். "அம்மா, மாமியார் இருந்தா அது வேற கேஸு."

"ஏன் வேற கேஸு? தப்பு அவருதுதானே?"

"தப்பு அவருது. ஆனா மாமியார் எழுந்து திட்டியிருப்பாங்கல்ல? அது தனிக் கஷ்டம். அதை மொதல்லயே சொல்லியிருக்கணும் இவரு."

"யாரும் கேக்கலையே" என்றார் ரசமட்டம்.

"இப்ப கேக்கறேன். உக்காருங்க. வாளியிலேருந்து சொல்லுங்க."

மூன்றாவது நாற்காலியின் மேல் பெயின்ட் காயாத பூக்கள் இருந்தன. மனைவி அவற்றை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அவர் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாளி என்ன நிறம் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.