மிக்கேல் அடைத்த கரை

பேயைப் பார்த்தேன் என்று எவன் சொன்னாலும் முகத்துக்கு நேரே சிரிக்கிறவன் நான். ஆனால் இது என் கையால் பிடித்துப் பார்த்தது. நம்பாதவன் இத்தோடு மூடி வைக்கலாம்.

முப்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி அடைமழை. சைதாப்பேட்டைக்கு இந்தப் பக்கம் தனியார் ஏரி ஒன்று. மண் கரை. நான் அதற்குக் காவல். தண்ணீர் வீணாகக்கூடாது என்று மதகைப் பூட்டி, சாவியை ஆழ்வார்பேட்டை பங்களாவுக்கு எடுத்துப் போய்விட்டார் முதலாளி. பணக்காரன் புத்தி. கரைக்குக் கீழே எங்கள் குடிசைகள். அதில் என் பெண்சாதி கங்கம்மா, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு படுத்திருந்தாள்.

ஒரு நாள் பிற்பகலில் கரையடியில் ஊற்றுக் கண்டது. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. இது கலங்கி வந்தது. உள்ளே மண் அரிக்கிறது. விட்டால் விடிவதற்குள் கரை உடையும். மூழ்கி அடைக்கத் தெரிந்தவன் பட்டினப்பாக்கத்து மீனவன் மிக்கேல் ஒருவன்தான். அவனைக் கூட்டிவரக் கூடக் காவலுக்கு இருந்த ரங்கனை அனுப்பிவிட்டுத் தனியாக நின்றேன்.

இருட்டுகிற நேரம். மழை விட்டிருந்தது. மிக்கேல் மட்டும் வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இன்னா மிக்கேலு, எறங்காமயே நனைஞ்சிக்கினு வர்ற? ரங்கன் எங்க?”

அவன் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் தந்தான்.

“கயித்த வுட்டுடாத, நைனா.”

இறங்கினான். ஒரு இழுப்பு என்றால் வைக்கோல் சுற்றிய களிமண் உருண்டை வேண்டும். இரண்டு இழுப்பு என்றால் ஆளைத் தூக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

ஒரு இழுப்பு. உருண்டையை விட்டேன்.

மறுபடி ஒன்று. மறுபடி...

மூச்சு வாங்க அவன் மேலே வரவே இல்லை. ஒரு குமிழி கூட இல்லை.

தொப்... தொப்... மண்ணை மிதிக்கிற சத்தம். என் காலுக்கு அடியில். கரைக்கு உள்ளே.

தாம்பரம் ரயில் போனது. திரும்பியும் வந்தது. அவன் வரவில்லை.

சத்தம் நின்றது. ஊற்றும் நின்றது.

இரண்டு இழுப்பு.

இழுத்தேன். ஆள் கனம்.

பாதியில்... லேசானது.

வெறும் கயிறு. இடுப்பு வளையம் அப்படியே. முடிச்சு அவிழவில்லை.

ரங்கன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“மாமா, மிக்கேல் இல்ல! முந்தாநேத்து கட்டுமரம் கவுந்துச்சாம். இன்னும் பொணம் கூட கெடைக்கல.” கீழே பார்த்தான். “அப்ப இத்த யாரு அடைச்சா?”

நான் கயிற்றைச் சுருட்டினேன்.

மறுநாள் பட்டினப்பாக்கம் போனேன். அன்று விடியலில்தான் உடல் கரை ஒதுங்கியிருந்தது. அவன் பெண்சாதி தேசம்மா அவன் கையை மடியில் வைத்து, ஈர்க்குச்சியால் நகங்களை நோண்டிக்கொண்டிருந்தாள்.

“பாருண்ணே,” என்றாள். “கடல்ல ஏதுண்ணே களிமண்ணு?”