ஒரு கையால் திறக்கும் கத்தி

முன்பல் ஒன்று கால்வாசி உடைந்த பிறகுதான் எனக்கு ஒரு கத்தி வேண்டும் என்று தோன்றியது. ஃபேக்டரிக்கு வந்த அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையைப் பல்லால் கடித்தேன். பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அங்கே மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். சரியான வேலைக்குச் சரியான கருவி என்று மாதம் ஒருமுறை மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பவன்.

திருப்பதியில் பல்லை ஒட்ட வைத்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பாக்கெட்ல ஒரு சின்னக் கத்தி வெச்சுக்கோங்க சார்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் மருந்துச்சீட்டைப் போல அதை எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கத்தி வீடியோக்கள் பார்த்தேன். அவற்றில் வந்தவர்கள் எல்லாரும் தாடி வைத்திருந்தார்கள். பனி கொட்டும் காட்டில் நின்று விறகைச் சீவினார்கள். நான் தினமும் போகிற தூரம் புத்தூரிலிருந்து ஸ்ரீ சிட்டி ஃபேக்டரி வரை, அதுவும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோரம். இருந்தாலும் எந்த இரும்பு துருப்பிடிக்காது, மடக்கும்போது எந்த லாக் விரலை நறுக்காது என்றெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். முக்கியமாக, ஒரே கையால் திறக்க வேண்டும். இன்னொரு கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் என்று தாடிக்காரர்கள் சொன்னார்கள்.

என் மனைவி நோட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ உங்க வீட்ல அரை மணி நேரம்தான் எடுத்துக்கினாங்க" என்றாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பூட்டும் கத்தரிக்கோலும் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர், "எந்துக்கு சார் கத்தி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தார்.

"சும்மா, தினமும் வெச்சுக்க."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தமிழுக்கு மாறினார். "தினமும் வெச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க?"

மூன்று மாதத்தில் இந்தக் கேள்வி மட்டும் என் நோட்டில் ஏறவில்லை. அவரே கண்ணாடி மேல் வரிசையாக எடுத்து வைத்தார். "இது மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டறவங்க வாங்குவாங்க. இது கேபிள் வேலைக்கு. இது பழத்துக்கு. உங்களுது எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நான் இரும்பின் வகையைக் கேட்டேன். "ஸ்டீலு சார்" என்றார்.

கறுப்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை எடுத்தேன். கட்டைவிரலால் தள்ளினால் 'டக்'கென்று திறந்தது. அடுத்த ஒரு வாரம் சோஃபாவில் உட்கார்ந்து டக், டக் என்று பழகினேன். மனைவி டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

வேலைக்கு எடுத்துப்போன முதல் நாளே கம்பெனி கேட்டில் சிக்கல் வந்தது. கத்தி உள்ளே போகக் கூடாது. செக்யூரிட்டிக்காரர் சத்தியவேடு பக்கத்து ஆள், நல்ல மனுஷர். கத்தியை மேஜை டிராயரில் போட்டு எனக்கு ஒரு டோக்கன் கொடுத்தார். மாலையில் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக, எப்போதும் என்னோடு இருப்பதற்காக வாங்கிய கத்தி பகல் முழுவதும் அவரோடு இருந்தது. ஒரு வாரத்தில் அதில் கொய்யா வாசனை அடித்தது. இன்னொரு வாரத்தில் வெங்காயம்.

"நல்ல கத்தி சார்" என்றார் ஒருநாள், உண்மையான அக்கறையோடு. "ஆனா மழுங்கிக்கினு வருது. லீவுல சாணை புடிச்சு எடுத்துக்கினு வாங்க."

சாணை பிடித்து எடுத்துக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய? அந்தச் சாணையால்தான் பிறகு நடந்தது நல்லபடியாக முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மாங்காய் சீசன். மாலையில் பஸ் நாகலாபுரம் தாண்டி வந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் ஒரு பைக்கைச் சுற்றி நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணின் துப்பட்டா சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறது. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், தலை சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இடது கை விரல்களைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் வண்டி அவள்மேல் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருவர் சக்கரத்தைப் பின்னால் சுற்றப் பார்த்தார். இன்னும் இறுகியது.

"கத்தி! யார்கிட்டயாவது கத்தி கீதா?" என்று ஒருத்தர் கூவினார்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பெருமை. "என்கிட்ட இருக்கு" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மண்டி போட்டேன். கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினேன். திறக்கவில்லை. விரல் வேர்வையில் வழுக்கியது. மறுபடி தள்ளினேன். கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. திருப்பினேன், கீழே விழுந்தது, எடுத்தேன்.

அந்தப் பெண் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தாள். குரல் கரகரவென்று வந்தது. "குடுணா இங்க."

நீட்டினேன். வலது கையால் வாங்கினாள், டக். அவளுடைய இன்னொரு கை நிஜமாகவே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. முனையைக் காதுக்குக் கீழே துணிக்குள் விட்டாள், கூர் வெளிப்பக்கமாக.

"பாத்துடி, கழுத்து" என்றான் புருஷன்.

"நீ வண்டியப் புடி!"

மூன்றே இழுப்பில் துணி விட்டது. முன்னால் கவிழ்ந்து இருமினாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு, வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு சக்கரத்தில் மிச்சமிருந்த துணியையும் அவளே அறுத்து எடுத்தாள். புத்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் மாங்காய் நறுக்குகிறவளாம், காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தியும் கையுமாக. அலகைத் துப்பட்டாத் துண்டில் துடைத்து மடக்கி என்னிடம் கொடுத்தாள்.

"நல்லா சாணை புடிச்சிருக்க ணா. ஆனா மாங்காக்கு ஆவாது, பிடி சின்னது."

அதன்பிறகுதான் அழுதாள். புதுத் துப்பட்டாவாம், ரெண்டாவது தடவைதான் போடுகிறாளாம். புருஷனைத் திட்டிக்கொண்டே மறுபடி அதே வண்டியில் ஏறினாள்.

நாராயணவனம் வருவதற்குள் கம்பெனி வாட்ஸாப் குரூப்பில் படம் வந்துவிட்டது. நான் மண்டி போட்டுக் கத்தியை நீட்டிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கை படத்தில் இல்லை. கீழே வரிசையாகக் கைகூப்புகள். 'எங்கள் சூப்பர்வைசர் ஒரு உயிரைக் காப்பாற்றினார்.' அப்படி இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். பஸ் ஆடியதால் எழுத முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "ஒரு வாரம் டக்குடக்குன்னு பழகினது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

திங்கட்கிழமை சேஃப்டி மீட்டிங்கில் எனக்குச் சால்வை போட்டார்கள். முன்யோசனை பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன்.

வியாழக்கிழமை ஒரு மெமோ வந்தது. கம்பெனி பஸ்ஸில் கூர்மையான ஆயுதம் கொண்டு வந்ததற்கு விளக்கம் கேட்டு. எச்.ஆரில் இருந்த பெண், சென்னைப் பக்கம், சங்கடமாக என்னைப் பார்த்தாள். "மேலேருந்து ஃபோட்டோவைப் பாத்துட்டாங்க சார். ரூல் இருக்கு. எழுதிக் குடுத்துடுங்க."

எழுத உட்கார்ந்தேன். 'நான் கத்தியைத் திறந்து' என்று தொடங்கினால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால், என் வாழ்க்கையில் அபூர்வமாக, முழு உண்மையை எழுதினேன். கத்தியைத் திறக்க முயன்றேன், முடியவில்லை, அந்தப் பெண்ணே வாங்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள்.

எச்.ஆர் பெண் அதை இரண்டு தடவை படித்தாள். "அப்போ நீங்க கத்தியைத் திறக்கவே இல்லையா சார்?"

"திறக்க வரலம்மா."

"நல்லதாப் போச்சு" என்று சீல் வைத்தாள். "அப்போ ஆயுதத்தை யூஸ் பண்ணல. வார்னிங்கோட முடிச்சிடலாம்."

"சால்வையைத் திருப்பித் தரணுமா?"

"அது வேற ஃபைல் சார்" என்றாள்.

சால்வை பீரோவில் இருக்கிறது. பைக்கில் வந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு துப்பட்டா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றி, அவளுடைய மாங்கூழ் ஃபேக்டரி எதுவென்று விசாரித்துப் போனேன். அதற்குள் சீசன் முடிந்து கேட்டைப் பூட்டியிருந்தார்கள். நறுக்க வந்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் வாட்ச்மேன்.