கப்பல் வராத வளைகாப்பு

எங்கள் அத்தைக்கு வளைகாப்பு நிச்சயமான வாரத்தில்தான் வங்காள விரிகுடாவுக்குக் கோபம் வந்தது. புயல் சின்னம் என்று சென்னைக் கப்பல் கிளம்பவே இல்லை. அந்தமானில் எங்கள் ஊரான பெரார்கஞ்சில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டமும் வயலும்தான். ஆனாலும் விருந்து என்றால் கப்பலில் வரும் மெயின்லேண்ட் காய்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அக்கம்பக்கத்தில் விளைவதை விருந்தாளிக்குப் போடுவது கௌரவக் குறைச்சல். போர்ட் பிளேர் மார்க்கெட்டுக்குப் போன அப்பா காலிச் சாக்கோடு திரும்பினார். உருளைக்கிழங்கு இல்லை, பீன்ஸ் இல்லை, வெங்காயம்கூட இல்லை.

வரப்போவது அத்தையின் மாமியார். போர்ட் பிளேர் டவுனில் மரைன் ஹில் வாசி. பட்டிக்காட்டில் பெண் எடுத்துவிட்டோமே என்று ஏற்கெனவே மூக்கால் அழுதுகொண்டிருந்தவர். பந்தியில் குறை வைத்தால் அத்தை அதை ஆயுசுக்கும் கேட்டாக வேண்டும். மானம் கப்பலேறிவிடும், தேதியைத் தள்ளிவைப்போம் என்று அப்பா புலம்பினார்.

"வர்றவங்க கப்பலையா சாப்பிடப்போறாங்க?" என்றாள் அம்மா.

கூடையை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போனாள். பக்கத்து வீட்டு வங்காளி ஆன்ட்டி வெங்காயமில்லாமல் சமைப்பதில் கெட்டிக்காரி. அவர்கள் பூஜைச் சமையலே அப்படித்தானாம். "பியாஜ் நஹி தோ க்யா ஹுவா, தீதி?" வெங்காயம் இல்லாவிட்டால் என்ன அக்கா என்று கேட்டபடி வாழைப்பூக்களோடு எங்கள் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டு ராஞ்சிக்காரர்கள் கீரை தந்தார்கள். தெலுங்கு வீட்டுப் பரங்கிக்காயைத் தூக்கிவந்ததில் எனக்குத் தோள் விட்டுப்போயிற்று.

கலந்த சாதங்களுக்குப் பக்கத்தில் தேங்காய் போட்ட வாழைப்பூ, பரங்கிக் கூட்டு, கீரை மசியல். சோற்றைக் கண்டாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த அத்தை மறுபடி கேட்டு வாங்கினாள். மாமியார் சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறந்தார். மூன்றாம் தடவை வாழைப்பூ விழுந்தபோது தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"இது எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

"கப்பல்ல இல்லீங்க சம்பந்தி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்துச்சு" என்றாள் அம்மா.

கிளம்பும்போது அவர் ஒரு கட்டுக் கீரையையும் கேட்டு வாங்கிப் போனார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் அம்மா தனி ஆளாகக் கடலையே ஜெயித்துவிட்டாள் என்று மறுநாள் பள்ளியில் பீற்றிக்கொண்டேன். எங்கள் கொல்லையில் எலுமிச்சையைத் தவிர எதுவும் இல்லை என்பதும், தெருவில் எல்லோரும் எலுமிச்சையே வளர்த்திருந்தால் அன்று பந்தியே நடந்திருக்காது என்பதும் அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.