குடிநீர் மனுவைப் பாடிய ஏழு பேர்

டீ போட்டால் பால் திரிந்துவிடும்... அப்படிப்பட்ட தண்ணீர் எங்கள் தெரு அடிபம்பில். குடத்தில் பிடித்து வைத்தால் மேலே மஞ்சளாக ஏடு கட்டும், தோல் பதனிடும் கழிவு கலந்து ஊறிய தோல் வாடை வேறு. தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

நான் அப்போது ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தேன். மெர்சி நர்ஸ். ஊருக்கு நாங்கள் ரூம் மேட். உண்மையில் ஜோடி. இன்று இதை எழுதக் கை கூசவில்லை, அன்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் போர்ஷனில் ஏழு பெண்கள் கூடிப் பாடுவோம். ஏழு பேருமே பெண்ணை விரும்பிய பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கூட்டி வந்து, மெல்ல மெல்லச் சேர்ந்த கொயர் அது. பீடி சுற்றுகிற ஹபீபா பேரணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்து வருவாள். ஆண் குரல் இல்லாததால் பேஸ் என்கிற அடிக்குரல் எனக்கு. சர்ச் கொயரில் 'பொம்பள மாதிரி பாடு' என்று திட்டு வாங்கின அதே குரல்!

ஜன்னலைச் சாத்திவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் யாரும் யாரிடமும் பொய் சொல்ல வேண்டாம்.

தண்ணீருக்கு நகராட்சி ஆபீஸில் மனு மேல் மனு கொடுத்தோம். வாங்கிக்கொள்வார்கள், படிக்க மாட்டார்கள். ஒரு நாள் மெர்சிக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்கலன்னா இன்னா, பாடிக் காட்டுவோம் என்றாள்.

மனுவுக்கே மெட்டுப் போட்டோம். ஒரு வார்த்தை மாற்றவில்லை. 'பெறுநர்' என்று ஹபீபா உச்சத்தில் எடுப்பாள். 'பொருள்... குடிநீர் வேண்டி' என்று நான் அடிக்குரலில் இறங்குவேன். கடைசியில் ஏழு பேரும் சேர்ந்து 'இப்படிக்கு'!

ஆபீஸ் வராந்தாவில் நின்று பாடினோம். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் தெருவே எங்கள் பின்னால் நின்று 'இப்படிக்கு' பாடியது. அதிகாரி எழுந்து வெளியே வந்தார். அடுத்த வருஷம் டேங்க் கட்டினார்கள். குடியாத்தத்திலிருந்து தறிக்காரர்கள் வந்து, எங்க ரோடு மனுவையும் பாடிக் குடுங்கம்மா என்று கேட்டார்கள் என்றால் பாருங்கள்.

டேங்க் திறப்பு விழாவில் நாங்கள்தான் பாட வேண்டும். ஏழு பேருக்கும் ஒரே மாதிரி நீலப் புடவை. மேடை ஏறுமுன் கவுன்சிலர் ஓரமாகக் கூப்பிட்டார். என்னையும் மெர்சியையும் பற்றி யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஹபீபாவிடம் சொன்னார்.

"அந்த ரெண்டு பேரு மட்டும் வேணாம்மா. ஒரு மாதிரியாமே. மத்தவங்க பாடுங்க."

தண்ணீர் கேட்டுத் தொண்டை கிழியப் பாடியபோது நாங்கள் ஒரு மாதிரி இல்லையா?

ஹபீபாவுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். வாயை மூடிக்கொண்டு மேடை ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

"ரெண்டு இல்ல சார். ஏழு பேருமே அப்படித்தான்."

ஏழு பேரும் வெளியே நடந்தோம். அவர்கள் ரேடியோ செட்டில் ஏதோ கேசட் போட்டு டேங்கைத் திறந்துகொண்டார்கள்.

அடுத்த மாதமே ஹபீபாவை அவள் வீட்டார் சித்தூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் பயந்து வருவதை நிறுத்தினார்கள். கொயர் அத்தோடு சரி. டேங்க் கல்வெட்டில் கவுன்சிலர் பெயர் மட்டும் பெரிய எழுத்தில்.

இன்று சென்னையில் பெண்பிள்ளைகள் கை கோத்து வானவில் பேரணி போகிற படங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் லைக் போடுகிறேன். சந்தோஷம்தான்... கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அதே கவுன்சிலர். கிழவராகிவிட்டார். குடியாத்தம் போகிறாராம். மெர்சியையும் என்னையும் அக்கறையாக விசாரித்தார். பிறகு, "அப்போ காலம் அப்படிம்மா, தப்பா எடுத்துக்காத" என்றார்.

"காலம் இன்னா சார் பண்ணுச்சு? சொன்னது நீங்க."

பஸ் வந்துவிட்டது என்று அவசரமாக ஏறிக்கொண்டார். அது திருப்பத்தூர் பஸ்.