மேலப்பாளையத்து மருமகள் கேட்ட கேள்வி

விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட்டோடு ஒரு தாளையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சென்னை வெயிலில் நடுரோட்டோரம் நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியிருந்த சமயம் அது.

என் பெயர் ஜெபராஜ். சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் மனைவி செல்வராணி கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் எஸ்தர், கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டாவது உண்டானபோது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போயே ஆக வேண்டும். அவருடைய அம்மாவோ பக்கவாதத்தில் கிடக்கிறார். “அப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். பக்கத்துல இருந்தா போதும். எனக்குப் பயமா இருக்கு” என்று போனில் அழுதாள். பேறுகாலம் பார்க்க அப்பன் போவதா என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உளுந்தங்களி கிண்ட எனக்குத் தெரியும்.

நேர்காணலில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மொத்தமே இரண்டு மூன்று கேள்விதான் கேட்டார். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கர்த்தரைத் தவிர எனக்கு இங்க யாருமில்ல” என்றேன். எப்போது திரும்பி வருவீர்கள்? “கர்த்தருக்குச் சித்தமானா வருவேன்” என்றேன். நம் சபையில் சாட்சி சொல்லும்போது இப்படித்தானே சொல்லுவோம். நல்ல சாட்சி சொன்னோம் என்ற பூரிப்பில் நின்றவன் கையில்தான் அந்தத் தாளைக் கொடுத்தார்கள்.

ரயிலில் திரும்பி வரும்போது ஆண்டவரோடு சண்டை போட்டேன். உம்மை அறிக்கை செய்ததற்கு இதுதான் கூலியா என்று கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறிப் போய்விட்டார்.

ஊருக்கு வந்த பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருதடவை மறுத்தால் பாஸ்போர்ட்டே கெட்டுப்போயிற்று என்றார் ஒருவர். இனி வருஷக்கணக்கில் விண்ணப்பமே போட முடியாது என்றார் இன்னொருவர். ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்டைப் பார்க்கப் போனேன். அவன் காலை ஆட்டிக்கொண்டே, “மகன் இல்லாட்டி என்ன அண்ணாச்சி, ஊர்ல இருக்கதா பேப்பர்ல ஒரு மகனக் காட்டிருவோம்” என்றான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “ஏலே, இல்லாத மகனுக்கு நான் என்ன பேரு வைக்கணும்? நீயே சொல்லு” என்று சத்தம்போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வந்தது வந்தாயிற்று, அடுத்து என்ன செய்வது? மறுநாள் கடையைத் திறந்ததும் உரமூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பு இல்லை. “ஆண்டவரே, விசா கேட்கவில்லை. எனக்கு உண்மையைச் சொல்லுகிற ஒரு ஆளை அனுப்பும். அது போதும்” என்று மட்டும் கேட்டேன்.

எழுந்து வேட்டியில் ஒட்டின தூசியைத் தட்டுகிறேன், காதர் பாய் உள்ளே வருகிறார். மேலப்பாளையத்துக்காரர். எங்கள் பக்கம் குத்தகைக்கு வாழை போடுகிறவர், என் பழைய வாடிக்கை. என் முகத்தைப் பார்த்தவர் உரத்தைக் கேட்கவே இல்லை.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “எங்க வீட்டு மருமவ நசீமா சென்னையில வக்கீலு. விசா கேசு மட்டுந்தான் பாக்குதா. பெருநாளுக்கு வாரா. நம்ம வீட்டுக்கு வாங்க” என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷம் இவருக்கு உரம் விற்கிறேன், மருமகள் வக்கீல் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டதில்லை.

பெருநாள் முடிந்த மறுநாள் போனேன். காதர் பாய் வீட்டு முன்னறை நிறைய ஆட்கள். துபாய், குவைத், சவூதி என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நசீமா எல்லாருக்கும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரியாததைத் தெரியாது என்றாள், விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். அதைக் கேட்டதுமே நான் ஜெபத்தில் கேட்ட ஆள் இவள்தான் என்று என் உள்ளம் துள்ளியது.

என் முறை வந்தது. மறுத்தது பாஸ்போர்ட்டுக்குக் கறையா என்று கேட்டேன். “இல்ல அண்ணாச்சி. மறுபடியும் போடலாம். இத்தன நாள் காத்திருக்கணும்னு கணக்கெல்லாம் கெடையாது. ஆனா முன்ன மறுத்தாங்கங்கறத மறைக்கக் கூடாது” என்றாள். பேறுகாலத்துக்கு என்று சொல்லலாமா என்று கேட்டேன். “உள்ளதத்தான சொல்லுதீங்க, தாராளமாச் சொல்லுங்க” என்றாள். பிறகு, அங்கே என்ன பதில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கர்த்தருக்குச் சித்தமானால் என்று நான் சொன்னதைச் சொன்னேனோ இல்லையோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“எங்க மாமா மட்டும் என்னவாம்? எங்க வீட்டுக்காரரப் பாக்க லண்டனுக்கு விசா கேட்டப்போ, எப்ப திரும்புவீங்கன்னு போன் போட்டுக் கேட்டுருக்காங்க. இன்ஷா அல்லாஹ் வருவேன்னுட்டாவ. தேதி சொல்லலயே. அவ்வளவுதான், கெடைக்கல.”

காதர் பாய் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“அமெரிக்காக்காரங்க சட்டப்படி, வாரவன் திரும்பிப் போவமாட்டான்னுதான் மொதல்ல நெனைப்பாங்க. போவேன்னு நம்மதான் காட்டணும்” என்று விளக்கினாள்.

எனக்கு ஒரு உறுத்தல். “ஏம்மா, ஆண்டவர் சித்தம்னு சொல்லாம விட்டா அவரை மறுதலிச்ச மாதிரி ஆவாதா?” என்று கேட்டேன்.

“மனசுல சொல்லிக்கோங்க அண்ணாச்சி. வாயால தேதியச் சொல்லுங்க. அதுவும் உண்மதான?”

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “நீங்க ஊர்ல இல்லன்னா யார் யாருக்குக் கஷ்டம்?”

யோசித்தேன். கார் பருவ நெல் சாகுபடிக்கு என் கடையில் கடனுக்கு உரம் எடுக்கிறவர்களைச் சொன்னேன். பாட்டுக் குழுவில் அடிக்குரல் பாட என்னைவிட்டால் ஆள் இல்லை என்றேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் தம்பியைக் குளிப்பாட்டி விடுவது நான்தான் என்றேன். ஆகஸ்டில் எங்கள் கோயில் அசனம், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும், சாம்பாருக்கு உப்பு பார்ப்பது நான்தான் என்றேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“இத்தன பேர வச்சிக்கிட்டா யாருமில்லன்னு சொன்னீங்க?”

அந்த முன்னறையில், அத்தனை பேருக்கு நடுவில், நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். செல்வராணி போனதிலிருந்து நான் தனியாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் என்னைச் சுற்றி இத்தனை பேரை நிறுத்தியிருந்தார். எனக்குத்தான் கண் தெரியவில்லை. நசீமாவின் மாமியார் ஒரு கிண்ணத்தில் வட்டலப்பம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். லெந்துக்கு இனிப்பை விட்டிருந்தேன். ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நசீமா புதிதாக விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்கு மாதக்கணக்கில் இடம் இல்லை. யாராவது விலகினால் அந்த இடம் காலியாகும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். சபையார் உபவாச ஜெபம் வைத்தார்கள். ஈஸ்டர் முடிந்த வாரத்திலேயே ஒரு இடம் விழுந்தது. ஆண்டவருக்கே மகிமை.

இந்த முறை ஜன்னலில் ஒரு அம்மாள். அதே கேள்விகள்தான். நான் தேதியைச் சொன்னேன். அசனத்தைச் சொன்னேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். நீங்கள் வராவிட்டால் சமையல் என்ன ஆகும் என்று கேட்டார். “வந்துருவேம்மா. வரலன்னா எங்க ஊர்ப் பொம்பளைங்க என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க” என்றேன். பக்கத்தில் இருந்தவர் அதை இங்கிலீஷில் சொல்ல, அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பாஸ்போர்ட்டை அவரே வைத்துக்கொண்டார். விசா கொடுத்தாயிற்று என்று அர்த்தம். நான் ஸ்தோத்திரம் என்று போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவலர் ஓடி வந்தார்.

ஜூன் மாதம் எஸ்தருக்கு வலி எடுத்தது. மருமகன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்பே எல்லாம் வேகமாகிவிட்டது. கூட ஒருவர் உள்ளே வரலாம் என்றார் நர்ஸ். நான் தயங்கினேன். “அப்பா, வாங்க” என்று கத்தினாள் என் மகள். போனேன். அவள் தலைமாட்டில், செல்வராணி இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாளோ அங்கே, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது எனக்கு ஜெபமே வரவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

சொன்ன தேதிக்கு ஊர் திரும்பினேன்.

அன்பானவர்களே, பிள்ளைகளிடம் போகமுடியாமல் விசாவுக்காகக் கலங்கி நிற்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஜெபியுங்கள். முழங்காலிலிருந்து எழுந்ததும் விஷயம் தெரிந்தவரிடம் போய் வெட்கப்படாமல் கேளுங்கள். பொய் சொல்லிக்கொடுக்கிறவனை விட்டு ஓடிவிடுங்கள். எனக்கு ஆள் அனுப்பின ஆண்டவர் உங்களுக்கும் அனுப்புவார். என் பேத்திக்குக் கிருபா என்று பெயர் வைத்திருக்கிறோம். பல் இரண்டு முளைத்துவிட்டது. நேற்று வீடியோவில் அதைக் காட்டிச் சிரித்தாள்.