முப்பத்தெட்டுக் கட்டுகள்

1987இல் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதன் முன்னால் உட்கார ஜெபகனியைத்தான் போட்டார்கள். திமிரி ஊர்க்காரி, இருபத்தாறு வயது, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். தரம் பிரித்த தோல்களின் விவரம் கட்டுவாரியாகச் சீட்டில் எழுதி வரும். முதல் தரம், இரண்டு, மூன்று. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், மாற்றம் வந்தால் திருத்துவதும் அவள் வேலை.

தரம் பிரிப்பவர் அமீர் பாஷா. இருபத்திரண்டு வருஷமாகத் தோலைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்.

அந்த ஐப்பசியில் லாட் 241, மொத்தம் முப்பத்தெட்டுக் கட்டுத் தோல், பெட்டிகளில் அடைபட்டு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போனது. மறுநாள் கம்ப்யூட்டரில் அச்சடித்த பட்டியலைப் பார்த்த மேனேஜர் சாமிநாதனுக்கு முகம் மாறிவிட்டது. முப்பத்தெட்டுக் கட்டும் மூன்றாம் தரம் என்றிருந்தது. பாஷாவின் சீட்டிலோ பெரும்பாலும் முதல் தரம். பெட்டிகளிலும் அப்படித்தான் முத்திரை குத்தியிருந்தார்கள்.

"மட்டமான தோல முதல் தரம்னு அனுப்பிட்டாரு. மொதல்ல ஒரு சீட்டு குடுத்துட்டு, அப்புறம் வேற எழுதி வெச்சிருக்காரு" என்றார் சாமிநாதன்.

"நான் எழுதனது ஒரே சீட்டுதான் சார்."

"சீட்ட எப்ப வேணா எழுதிக்கலாம் பாய். மெஷினுக்கு இன்னா அவசியம், பொய் சொல்ல?"

ஜெபகனியைக் கூப்பிட்டுக் கேட்டார். வந்த சீட்டைப் பார்த்துத்தான் அடித்ததாகச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. போன வாரம் ஒரு மத்தியானம் பாஷா கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி ரூமுக்குள் வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு அப்படிப் பார்த்தார்? அதையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டாள்.

விசாரணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கும்படி பாஷாவிடம் சொன்னார்கள். அதன்பிறகு சாப்பிடப் போனாலும் அவள் ரூமைப் பூட்டிக்கொண்டு போனாள். யார் எட்டிப் பார்த்தாலும் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். பாஷாவின் பக்கத்து வீட்டு நசீமுன்னிசா பேக்கிங்கில் வேலை செய்பவள். பஸ்ஸில் தினமும் ஜெபகனிக்கு இடம் பிடித்து வைப்பவள், இப்போது அவளைக் கண்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். இவளும் அந்தக் கூட்டுதானோ என்று ஜெபகனி நினைத்தாள்.

பாஷா வீட்டுக்குப் போன பதினோராம் நாள். ஒரு லாட் முழுவதையும் இரண்டாம் தரமாக மாற்ற வேண்டியிருந்தது. கட்டளையை ஒரே வரியாக அடித்து எண்டர் தட்டினாள். அடுத்தது வேறொரு லாட்டில் நான்காம் கட்டு மட்டும். முழுசாக அடிப்பானேன்? மேல் அம்புக்குறியை அமுக்கினால் முந்தைய வரி அப்படியே திரும்ப வரும், வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லாட் நம்பரை மாற்றினாள். விரல் எண்டர் மேல் போய்விட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது: கட்டு நம்பரை இன்னும் சேர்க்கவில்லை. தட்டியிருந்தால் லாட் முழுவதும் மாறியிருக்கும்.

கை அப்படியே நின்றது.

பாஷா பின்னால் நின்ற அந்த மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்த லாட் 214ஐ முழுக்க மூன்றாம் தரமாக்கி முடித்திருந்தாள். அப்போதுதான் பாஷா வந்து, "241ல ஒம்பதாம் கட்டு மட்டும் தேர்டும்மா" என்றார். அம்புக்குறியை அமுக்கி 214ஐ 241 ஆக்கினாள். "இன்னாம்மா, நீ அடிக்கவே இல்ல, எழுத்து தானா வருதே!" என்றார் அவர். சிரித்துக்கொண்டே அவருக்கு விளக்கம் சொன்னவள், பேச்சோடு பேச்சாக எண்டரைத் தட்டியிருக்கிறாள். ஒன்பதாம் கட்டு என்று சேர்க்கவேயில்லை.

நேராகச் சாமிநாதனிடம் போனாள்.

"தப்பு என்னுது சார். பாய் மேல ஒண்ணும் இல்ல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அவங்க ஊட்ல இருந்து யாராவது வந்து பேசனாங்களா?"

"யாரும் வரல சார். நீங்களே வந்து பாருங்க."

241இன் பழைய பட்டியலை வேறு டிஸ்க்கில் ஏற்றி, அன்று செய்ததை அப்படியே செய்து காட்டினாள். எத்தனை கட்டு மாறியது என்று திரை அடியில் காட்டியது: 38.

"அன்னைக்கும் இந்த நம்பர் வந்திருக்குமே. பாக்கலியா?"

"பாக்கல சார்."

அப்போதும் அவர் முழுதாக நம்பவில்லை. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் பதில் வந்தது. தோல் அத்தனையும் பாஷாவின் சீட்டில் இருந்தபடியே இருந்தது.

பாஷா வேலைக்குத் திரும்பிய அன்று ஜெபகனி தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போனாள். மேஜைமேல் தோலை விரித்தபடி அவர் நிமிரவில்லை.

"பாய், நான் பண்ண தப்புக்கு உங்கள வெளிய நிக்க வெச்சிட்டாங்க. நீங்க பின்னால நின்னு பாத்தீங்கன்னு நானும் போய்ச் சொன்னேன்."

"நீயும் என்ன சந்தேகப்பட்டியா?"

"ஆமா பாய்."

அவர் கை தோல்மேல் நின்றது. "தப்ப நீயே வந்து சொன்ன பாரு, அது போதும்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து புது கார்பன் தாள் ஒன்றை எடுத்தார். "ஆனா இனிமே சீட்டு ரெண்டா எழுதுவேன். ஒண்ணுல நீ கையெழுத்துப் போட்டு எனக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

அவர் ரிட்டையர் ஆகும்வரை தினமும் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவரும் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்துப் பையில் வைத்தார்.